பினாங்குக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? பின்னல் பையோடு வர முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து விடுமுறைக்குப் பினாங்கு வரும் சொந்தக்காரர்களில் பின்னல் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஊசியும் நூலும் எடுத்து வரட்டுமா, பின்ன நேரம் கிடைக்குமா?" தாராளமாக எடுத்து வாருங்கள். குடும்பமாகச் சுற்றும்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை, துண்டு துண்டாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மாமா குளித்து முடிக்கும் வரை, கார் வரும் வரை, பிள்ளைகள் நீச்சல் குளத்திலிருந்து ஏறும் வரை என்று எப்படியும் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் சேர்ந்துவிடும்.

அந்தத் துண்டு நேரத்துக்குப் பொருந்தும் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் வரியின் நடுவிலேயே வைத்துவிட்டு எழ வேண்டும். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேடாமல் தொடர வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காத வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எதைப் பின்னுவது

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது பருத்தித் துண்டு. பாத்திரம் துடைக்க, மேசை துடைக்க, குழந்தைக்கு வாய் துடைக்க என்று எந்த வீட்டிலும் உதவும். முழுக்க நிட் என்னும் அடிப்படைப் பின்னல்தான் என்பதால் முன்பக்கமா பின்பக்கமா என்ற கவலை கிடையாது. இரண்டு நாளில் ஒன்று முடியும். தங்க இடம் கொடுத்த வீட்டுக்கு உங்கள் கையால் செய்த ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சாக்ஸ் ஏற்கெனவே பின்னிப் பழகியவர்களுக்கு அதுவும் அருமையான பயண வேலை. 100 கிராம் மெல்லிய சாக்ஸ் நூல், ஏறக்குறைய 400 மீட்டர், ஒரு ஜோடிக்குப் போதும். 2.25 அல்லது 2.5 மி.மீ ஊசியில் 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றினால் பெரியவர்களின் சராசரிப் பாதத்துக்குச் சரியாக வரும். கணுக்காலுக்கு மேலேயும் பாதத்திலும் சுற்றிச் சுற்றிப் பின்னுவதுதான் வேலை, பேசிக்கொண்டே செய்யலாம். குதிகால் பகுதியை மட்டும் பேச்சுக்கு நடுவில் தொடாதீர்கள். அதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு அறையில் உட்கார்ந்து முடியுங்கள்.

வேண்டாதவை: ஸ்வெட்டர், வரிக்கு வரி படம் பார்த்துப் பின்னும் லேஸ் சால்வை, இரண்டு மூன்று நிறம் மாற்றும் வேலை, கறுப்பு நூல். பாதி முடிந்த ஸ்வெட்டரை 32 டிகிரி வெயிலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார யாராலும் முடியாது. கறுப்பு நூலில், விமானத்தின் மங்கிய வெளிச்சத்தில் கண்ணி எது இடைவெளி எது என்றே தெரியாது. வெளிர் நிறமாக, ஒரே நிறமாக எடுங்கள்.

நூலும் ஊசியும்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வருடம் முழுவதும் ஒரே மாதிரிதான்: பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஈரத்தில் கம்பளி விரலில் ஒட்டும். அக்ரிலிக் நூலோ வியர்வை பட்டதும் ஊசியில் சிக்கிச் சிக்கி நகரும். பருத்தி, அல்லது பருத்தியும் மூங்கில் இழையும் கலந்த நூல்தான் இங்கே கைக்குச் சுகம். சுத்தப் பருத்தி இழுவை இல்லாதது, அதனால் நீண்ட நேரம் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும். இறுக்கமாகப் பின்னும் பழக்கம் உள்ளவர்கள் ஊசியை அரை மி.மீ பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி எப்போதும் வட்ட ஊசியாக இருக்கட்டும், இரண்டு முனைகளையும் ஒயர் இணைக்கிற வகை. தட்டையான துண்டு பின்னவும் அதுவே நல்லது. நீள ஊசி பக்கத்துச் சீட்காரரின் விலாவில் இடிக்கும், கைதவறினால் சீட்டுக்கு அடியில் உருண்டு போகும். வட்ட ஊசியில் அந்தத் தொல்லையே இல்லை. பின்னியதன் பாரமும் மடியில் இறங்கிவிடுவதால் கைக்கு இதம். 4.5 மி.மீ, 60 அல்லது 80 செ.மீ நீளம், மூங்கிலில் அல்லது மரத்தில் வாங்குங்கள்.

மற்றச் சாமான்கள் ஒரு பென்சில் டப்பாவில் அடங்கிவிடும். நூல் கோர்க்க முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று, நாலைந்து ஊக்கு, ஊசி முனையில் குத்தி வைக்க இரண்டு ரப்பர் துண்டு, சின்ன நோட்டும் பென்சிலும், ஒரு டப்பா பல் இடுக்கு நூல். டென்டல் ஃபிளாஸ் என்று மருந்துக்கடையில் கிடைக்குமே, அதுதான். இந்தச் சின்ன டப்பா பயணத்தில் இரண்டு வேலை செய்யும். அதன் மூடியில் இருக்கும் உலோகப் பல்லில் நூலை அறுக்கலாம், கத்தரிக்கோல் தேவைப்படாது. அந்த வழவழப்பான இழையை அவ்வப்போது ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோர்த்து, அப்படியே விட்டுவிட்டு மேலே பின்னிக்கொண்டு போகலாம். பிள்ளை ஊசியை உருவிவிட்டாலும் பின்னல் அந்த இழை வரைக்கும்தான் அவிழும், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் போகாது. குடும்பத்தோடு பயணம் போகிறவர்கள் பத்து வரிக்கு ஒரு தடவை இப்படி ஓர் இழையை ஓட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிறகு துணிப் பையில் வையுங்கள். இங்கே மத்தியானத்துக்கு மேல் மழை சொல்லாமல் வரும்.

நூல் எவ்வளவு? ஒரு வாரத்துக்கு 50 கிராம் உருண்டை மூன்று. அதற்கு மேல் எடுத்து வருகிறவர்கள் அப்படியே திருப்பி எடுத்துப் போவதைத்தான் பார்க்கிறேன்.

துண்டு பின்னும் முறை

மூலையிலிருந்து மூலைக்குப் போகும் இந்தத் துண்டு உலகம் முழுக்கப் பாட்டிமார் கைவழி வந்தது. சற்றுத் தடித்த பருத்தி நூல் வேண்டும். மெல்லியதுதான் கிடைத்தால் இரண்டு இழை சேர்த்துப் பின்னுங்கள்.

1. ஊசியில் 4 கண்ணி ஏற்றி, ஒரு வரி நிட் பின்னுங்கள்.
2. அடுத்த வரியில் 2 கண்ணி நிட் பின்னி, நூலை முன்னால் கொண்டுவந்து ஊசியின் மேல் ஒரு சுற்றுப் போட்டு, மீதி எல்லாவற்றையும் நிட் பின்னுங்கள். வரிக்கு ஒரு கண்ணி கூடும்.
3. மொத்தம் 44 கண்ணி வரும் வரை இதே வரிதான்.
4. இனி குறைக்க வேண்டும். 1 கண்ணி நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், ஊசிமேல் ஒரு சுற்று, மறுபடி 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், மீதியெல்லாம் நிட். வரிக்கு ஒரு கண்ணி குறையும்.
5. 4 கண்ணி மிஞ்சியதும் முடித்துக் கட்டி, நூல் முனைகளைப் பின்னலுக்குள் கோர்த்து மறையுங்கள்.

முடிந்ததும் ஏறக்குறைய ஒரு சாண் சதுரம் வரும், நாலு ஓரத்திலும் சின்னச் சின்னத் துளை வரிசையாக நிற்கும். வழக்கமாக 50 கிராம் உருண்டை ஒன்றே போதும். நூல் தடிப்பாக இருந்து தீர்ந்துவிடுமோ என்று பட்டால், உருண்டையைத் தொடங்கும்போது எடை போட்டு, பாதி தீர்ந்ததும் குறைக்கத் தொடங்கிவிடுங்கள். கூட்டும் பகுதியும் குறைக்கும் பகுதியும் சம அளவு என்பதால் கணக்குத் தானாகச் சரியாகும். இந்த வேலையில் எங்கே விட்டோம் என்று எழுதி வைக்கவும் வேண்டாம், ஊசியில் உள்ள கண்ணியை எண்ணினாலே தெரிந்துவிடும்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒரு பத்து வரி பின்னி வையுங்கள். தொடக்கத்தில் நாலைந்து கண்ணியோடு தடுமாறுவதை ஓடும் வண்டியில் செய்யக் கூடாது.

விமான நிலையத்தில்

ஊசி பற்றிய விதி நாட்டுக்கு நாடு மாறும். டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்தின் கைப்பை விதியை முன்கூட்டியே படித்துப் பாருங்கள். அப்படியும் சோதனை மேசையில் இருக்கும் அதிகாரி வைப்பதுதான் சட்டம், அவரோடு வாதாட வேண்டாம். உலோக ஊசி, கத்தரிக்கோல், உள்ளே பிளேடு வைத்த நூல் வெட்டி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் மூங்கில் வட்ட ஊசி ஒன்று மட்டும்.

சோதனைக்கு முன்னால் ஒரு வேலை செய்துவிடுங்கள். கண்ணிகளை எல்லாம் ஊசியிலிருந்து ஒரு துண்டு நூலுக்கு மாற்றி முடிச்சுப் போடுங்கள். ஊசியைத் தனியாக வையுங்கள். ஊசி போனாலும் பின்னல் பத்திரமாக இருக்கும், கோலாலம்பூரில் இறங்கி வேறு ஊசி வாங்கித் தொடரலாம். விலை உயர்ந்த ஊசி எதையும் கையில் எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய நாலு மணி நேரம். பிள்ளைகள் தூங்கிவிட்டால் பின்னுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் கண்ணை மூடுங்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இறங்கிய அன்று உடம்பு அதைக் கேட்டு வாங்கும்.

ஏசி உள்ள இடமே பின்னும் இடம்

இங்கே வெளியில் வியர்க்கும், உள்ளே நடுங்கும். ரயில், விரைவுப் பேருந்து, பேரங்காடி எல்லாவற்றிலும் ஏசி கடுமையாக இருக்கும். பின்னலுக்கு அதுதான் சரியான இடம். கை காய்ந்திருக்கும், நூல் ஓடும். வெயிலில் நிற்கும் நேரத்தில் பையைத் திறக்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் சிகரம் கோலாலம்பூர் சென்ட்ரலில் இருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் மின்சார ரயில். நாலு மணி நேரத்துக்கு மேல், ஈப்போ வழியாக, ஆட்டமில்லாமல் போகும். இந்த ஒரு பயணத்தில் துண்டின் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். ஜன்னலோரச் சீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, நடைபாதைப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். நூல் உருண்டையைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள், ஜிப்பில் ஒரு விரல் அகலம் திறந்து நூலை மட்டும் வெளியே விடுங்கள். மேலே ஒரு மெல்லிய சால்வை போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் விரல் விறைத்தால் பின்னல் தானாக இறுகும், பிறகு ஊசி உள்ளே நுழையாது. அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றி, வெளியே பாருங்கள். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் வயல்வெளிக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும், அதைப் பார்க்காமல் குனிந்திருக்கக் கூடாது.

இந்த ரயிலில் ஒரு தடவை எதிர்ச்சீட்டுப் பாட்டி ஒருவர், ஈப்போவில் ஏறியவர், கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னாம்மா, நூல இடது கையில பிடிக்கிறியே, எங்க காலத்துல கான்வென்ட்ல வலது கையிலதான் பிடிக்கச் சொல்வாங்க" என்றார். "கொஞ்சம் பின்னிக் காட்டுங்க பாட்டி" என்று நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி முழுக்கப் பின்னினார். நூலைச் சுண்டு விரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரல்மேல் ஒரு ஓட்டம், கண்ணிக்குக் கண்ணி ஒரே அளவு. பிறகு பட்டர்வொர்த் வரை பேச்சுதான். முன்பின் தெரியாதவர்கள் இப்படிப் பேச வருவது பின்னல் பை தரும் பெரிய லாபம். யாராவது கேட்டால் தயங்காமல் கையில் கொடுங்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் ஏறினால் பையை மூடிவிடுங்கள். தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுன் கரை நெருங்கி வருவதைப் பார்க்க வேண்டும், அதற்குக் கண் வேண்டும்.

எங்கே பையைத் திறக்கக் கூடாது

கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலையில் 272 படியிலும், பினாங்குத் தாவரவியல் பூங்காவிலும் குரங்குகள் அதிகம். பை என்றாலே தீனி என்று அவற்றுக்கு நினைப்பு. உருண்டையாக, வண்ணமாக, கையில் ஆடும் நூல் கண்ணில் பட்டால் விடாது. பூங்காவுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயில், 500 படிக்கு மேல் ஏற வேண்டும். பின்னல் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோயிலுக்குள் வரிசையில் நிற்கும்போது பின்னுவதும் நன்றாக இருக்காது.

பத்து ஃபெரிங்கி கடற்கரையிலும் வேண்டாம். மணல் ஒரு தடவை பருத்தி இழைக்குள் புகுந்தால் எத்தனை உதறினாலும் போகாது, பின்னும்போது விரலை அறுக்கும்.

கொடிமலை (பினாங்கு ஹில்) மட்டும் வேறு கணக்கு. 1923-இல் தொடங்கிய மலை ரயில், இப்போது புதிய பெட்டிகளோடு ஓடுகிறது. மலையின் உச்சி 833 மீட்டர், கீழே நகரத்தைவிடச் சில டிகிரி குளிர்ச்சி. வெளியில் உட்கார்ந்து பின்னும்படியான இடம் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இதுதான். மாலை நாலு மணிக்கு மேல் மேலே போய், ஆளுக்கொரு தேநீர் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் பினாங்குப் பாலத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் தெளிந்த நாளில் முழுசாகத் தெரியும். ரயிலுக்கான வரிசை பள்ளி விடுமுறையில் நீளமாக இருக்கும். அங்கே சாக்ஸ் மாதிரிச் சின்ன வேலையை நின்றபடி செய்யலாம், ஆனால் கைப்பிள்ளை கூட இருந்தால் கை காலியாக இருக்கட்டும்.

சாப்பாடும் நூலும்

பினாங்குக்கு வந்து நாசி கண்டார், அதாவது பலவகைக் குழம்பு ஊற்றிய சோறு, சாப்பிடாமல் யாரும் போவதில்லை. கையால் பிசைந்து சாப்பிட்ட மஞ்சள் நிறம் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும், வெளிர் பருத்தியில் உடனே ஏறும். சாப்பிட்ட பிறகு எலுமிச்சைத் துண்டால் விரலைத் தேய்த்துக் கழுவுங்கள். அப்போதும் நகத்தில் நிறம் தெரிந்தால் அது போகும் வரை பின்னலைத் தொடாதீர்கள்.

டுரியான் பழம் தின்ற நாளில் பின்னலுக்கு விடுமுறை. ஜூன், ஜூலையில் தீவின் பாலிக் புலாவ் பக்கம் பழக்காலம், போனால் சாப்பிடாமல் வர மாட்டீர்கள். அந்த வாசம் நூலில் ஏறினால் துவைக்கும் வரை இருக்கும். காரில் பழம் இருந்தால் பின்னல் பை ஜிப் கவருக்குள்ளேயே இருக்கட்டும்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

நீங்கள் பின்னுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களிடம் ஊசியைக் கொடுக்க வேண்டாம், விரல் பின்னல் சொல்லிக்கொடுங்கள். இதற்காகவே தடித்த அக்ரிலிக் நூல் ஒரு சின்ன உருண்டை தனியாக எடுத்து வாருங்கள்.

இடது உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, நூலின் முனையைக் கட்டைவிரலில் பிடிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மோதிர விரலுக்கு முன்னால், சுண்டு விரலுக்குப் பின்னால் என்று நூல் போகட்டும். சுண்டு விரலைச் சுற்றி அதே மாதிரி மாற்றி மாற்றித் திரும்பி வரட்டும். இப்போது விரலுக்கு ஒரு வளையம். இன்னொரு முறை இதேபோல் போய் வந்தால் விரலுக்கு இரண்டு வளையம். கீழ் வளையத்தைத் தூக்கி, மேல் வளையத்தைத் தாண்டி விரலின் பின்பக்கம் தள்ள வேண்டும். நாலு விரலிலும் முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. கையின் பின்னால் ஒரு கயிறு வளரும். ஆறு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் இதை அரை மணியில் பிடித்துக்கொள்ளும். நிறுத்தும்போது நாலு வளையத்தையும் ஒரு பென்சிலில் மாற்றி வைக்கலாம். என் அண்ணன் மகன் விடுதி வரவேற்பறையில் பின்னிய கயிறு அவன் உயரத்துக்கு வந்தது. "அத்தை, இதை அம்மா பெட்டிக்கு அடையாளமா கட்டலாமா?" என்று அவனே கேட்டான். விமான நிலையத்தில் அந்தப் பெட்டி தூரத்திலேயே தெரிந்தது.

வீட்டுப் பெரியவர்கள் முன்னால்

இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பின்னுகிறவருக்குக் காது முழுக்கப் பேச்சில்தான் இருக்கும், ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது. கீழே பார்த்துக்கொண்டிருந்தால் கவனிக்கவில்லை என்றே தோன்றும். பல வருடம் கழித்துப் பார்க்கும் பெரியம்மா வீட்டில் போய் உட்கார்ந்ததும் ஊசியை எடுக்க வேண்டாம். முதலில் பேசுங்கள், சாப்பிடுங்கள். பேச்சு இலகுவானதும், "பெரியம்மா, கை சும்மா இருக்க மாட்டேங்குது, பின்னிக்கிட்டே பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். உடல்நலம், சொத்து, துக்கம் என்று பேச்சு திரும்பினால் உடனே பையில் வையுங்கள்.

கணவரிடமும் மாமியாரிடமும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது: வண்டியில் போகும்போது, இரவு படுக்கும் முன் என்று இரண்டு நேரம் எனக்கு, மற்ற நேரம் கூப்பிட்டால் வருவேன். சொன்னபடி எழுந்து போனால் அடுத்த விடுமுறைக்கு அவர்களே "நூல் எடுத்து வச்சியா?" என்று கேட்பார்கள்.

இரவில் ஐந்து நிமிடம்

படுக்கும் முன் கண்ணியை எண்ணி நோட்டில் எழுதி, இழை ஒன்று ஓட்டி, பின்னலைப் போனில் ஒரு படம் எடுங்கள். ஊசி முனைகளில் ரப்பரைக் குத்துங்கள். பின்னல் ஈரமாக இருந்தால் கவருக்குள் மூடி வைக்காதீர்கள், நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் ஏசிக் காற்றில் காலைக்குள் உலர்ந்துவிடும். துவைத்து இழுத்துக் காயவைக்கும் வேலையை மட்டும் ஊருக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஈரக் காற்றில் முழுசாகத் துவைத்த பின்னல் காய நாளாகும், பூஞ்சை வாடை வந்துவிடும்.

நூல் தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். தையல் சாமான் கடையில் "பெனாங் காயிட்" (மலாயில் பின்னல் நூல்) என்று கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள். கோலாலம்பூரில் துணிக்கடைகள் நிறைந்த துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பும் நாளில் முடித்த துண்டுகளைத் தங்கிய வீட்டில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது துவைக்கும் முறையையும் சொல்லுங்கள்: முதல் தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், பிழியாமல் துவாலைக்குள் சுருட்டி அழுத்தி, தட்டையாக நிழலில் போட வேண்டும். அதன் பிறகு மற்ற துணிகளோடு மெஷினில் போடலாம். மிஞ்சிய அரை உருண்டை நூல் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, விரல் பின்னலுக்கு.